உள்ளே விடாதவர்களுக்கு ஒரு பாராட்டு மடல்

அனுப்புநர்:
தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர் (ஓய்வு),
டிக்கெட் வைத்திருந்தும் வெளியே நின்றவர்.

பெறுநர்:
நுழைவாயில் மேலாளர் அவர்கள்,
சென்னைக்கு வெளியே உள்ளதொரு கேளிக்கைப் பூங்கா.
(அவர் ரவுண்ட்ஸில் இருந்தால், திரும்பி வந்ததும்.)

ஐயா,

பொருள்: கேளிக்கைப் பூங்கா – நுழைவாயில் – முழுப் பணம் செலுத்திய குடும்பத்தை வெயிலில் நிறுத்தி வைத்தது – துறைசார் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் இணையதளம் அனுப்பிய முன்பதிவு மின்னஞ்சல். 2. பணம் போய்விட்டது என்று வங்கி அனுப்பிய குறுஞ்செய்தி. 3. தங்கள் வாசல் ஊழியரின் வாய்மொழி ஆணை: "சிஸ்டம்ல வரல சார்."

பார்வை 1, 2இல் காணும் ஆவணங்களோடு, கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேன் நிறைய ஆட்களாக எங்கள் குடும்பம் தங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பார்வை 3இல் காணும் ஆணைப்படி அங்கேயே நின்றது. இதைப் புகார்க் கடிதம் என்று எண்ணி ஓரமாக வைத்துவிட வேண்டாம். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். கேட்டு வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டும். அவர் சண்டை போடக் கூடாது. போகும்போது தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டே போக வேண்டும். இந்த வித்தையைத் தாலுகா ஆபீஸில் மூத்தவர்களிடம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள் நாங்கள். தனியார் துறை இதில் எங்களை மிஞ்சும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மிஞ்சிவிட்டீர்கள். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனைப் பார்த்துக் கும்பிடுவதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைச் சதுரம். கியூஆர் கோடு. 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் இதை உருவாக்கினார்கள். கார் தொழிற்சாலையில் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கத்தான் அது பிறந்தது. எண்ணெய்க் கறை படியும், அழுக்காகும், கிழியும் என்பதெல்லாம் தெரிந்தே அதற்குள் ஒரு தற்காப்பு வைத்தார்கள். அதன் உச்ச நிலையில், ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்துபோனாலும் மிச்சத்தை வைத்து முழுவதையும் படித்துவிட முடியும். மூன்று மூலையிலும் இருக்கும் சதுரங்கள் எந்தப் பக்கம் திருப்பிக் காட்டினாலும் அடையாளம் தெரிவதற்காக வைத்தவை. தொழிற்சாலை அழுக்குக்கு அஞ்சாத இந்தச் சதுரம், தங்கள் வாசலின் பதினொரு மணி வெயிலுக்கு முன்னால் மண்டியிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"பிரைட்னஸ் ஏத்துங்க சார்" என்றது தங்கள் ஊழியப் பெண். ஏற்றினோம். "குறைங்க" என்றது. குறைத்தோம். "ஸ்கிரீன்ல கீறல் இருக்கு" என்றது. மைத்துனரின் போனுக்கு மாற்றி அனுப்பிக் காட்டினோம். "இது ஸ்கிரீன்ஷாட்டு, ஒத்துக்காது" என்றது. என் மனைவி முந்தானையை விரித்துப் போனுக்கு நிழல் கொடுத்தாள். நிழல் கொடுக்க வேண்டிய கூரை வாசலில் எங்கே என்று அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். இருக்கிறது, ஐயா. அழகான கூரை. ராட்சத மீன் வாயைத் திறந்த மாதிரி. அதன் நிழல் மட்டும் பூங்காவுக்கு உள்ளே விழுகிறது.

இந்த நிழல் விஷயத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடிக்கு நாங்கள் யாரும் கட்டணம் வாங்கியதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பிறகு நடந்ததுதான் தங்கள் மேதைமை. முந்தானை நிழலில் முதல் தடவை காட்டியபோது கருவி பீப் என்று கத்தவில்லை, தடுப்புக் கம்பியும் சுழலவில்லை. ஆனால் கணக்கு மட்டும் ஏறிவிட்டது போலிருக்கிறது. அடுத்த தடவை காட்டியபோது சிவப்பு விளக்கு. "ஆல்ரெடி யூஸ்டுன்னு வருது சார். நீங்க உள்ள போயிட்டீங்க."

"நாங்க வெளியதாம்மா நிக்கிறோம்."

"சிஸ்டம்ல உள்ள இருக்கீங்க சார்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் ஆசம்கர் மாவட்டத்தில் லால் பிஹாரி என்று ஒருவர். 1970களில் அவரை வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவராக்கி நிலத்தை உறவினர்கள் எழுதிக்கொண்டார்கள். தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதைப் பதிவேட்டில் ஏற்ற 1994 வரை ஆயிற்று அவருக்கு. இடையில் தம் பெயரோடு 'மிருதக்', அதாவது இறந்துபோனவர், என்று தாமே சேர்த்துக்கொண்டார். தம்மைப் போலக் காகிதத்தில் செத்தவர்களுக்கு ஒரு சங்கமே வைத்தார். 2003இல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். 'காகஸ்' என்று இந்தியில் சினிமாவும் வந்தது. எங்கள் துறையில் இது ஒரு பெரிய சாதனைக் கதை. உயிரோடு இருப்பவரைச் சாகடிக்க எங்களுக்கு ஒரு லேக்பால் (நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி), ஒரு மேலதிகாரி, கொஞ்சம் கையூட்டு, பல மாதம் என்று எவ்வளவோ தேவைப்பட்டது. தாங்கள் ஒரு குடும்பத்தையே கண்மூடித் திறப்பதற்குள் அலைக் குளத்தில் இறக்கிவிட்டீர்கள். கணினியில் நாங்கள் நனைந்துகொண்டிருந்தோம். வாசலில் வியர்த்துக்கொண்டிருந்தோம். என் மைத்துனர் மட்டும், "அப்போ உள்ள இருக்கற என்கிட்ட ஒரு ஐஸ்கிரீம் வாங்கி வெளிய குடுத்து அனுப்பச் சொல்லும்மா" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டது. பாவம், அன்றைக்கு அது சிரித்த ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித் தவறாக ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்தக் கூலி, சட்டையின் முதுகில் வேறு ஏதோ ஏஜென்சியின் பெயர், காலையிலிருந்து நின்ற கால். "மேனேஜரைக் கூப்பிடும்மா" என்றேன். "ரவுண்ட்ஸ்ல இருக்காரு சார்" என்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. "ஐயா கேம்ப்ல இருக்காங்க" என்று நாங்கள் சொல்லிச் சொல்லித் தேய்த்த சொல்லை இவ்வளவு மெருகாக்கி வைத்திருக்கிறீர்கள்! கேம்ப் என்றால் வெளியூர். சாயங்காலம் ஐயாவைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டால் பொய் வெளுத்துவிடும். ரவுண்ட்ஸுக்கு அந்த ஆபத்தே கிடையாது. எங்கேயும் இருக்கலாம், எங்கேயும் இல்லாமலும் இருக்கலாம்.

தங்கள் வாசலின் இரகசியம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. மறுக்கும் அதிகாரத்தை மிகக் குறைந்த சம்பளக்காரரிடம் கொடுத்து வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். அனுமதிக்கும் அதிகாரத்தைப் பெரிய சம்பளக்காரரிடம் கொடுத்து ரவுண்ட்ஸுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கருவி செய்த தப்புக்கு யாரிடம் கேட்க வேண்டுமோ அவரைத் தவிர மற்ற எல்லாரும் அங்கே இருந்தார்கள். குதித்துக்கொண்டிருந்த குரங்கு பொம்மை உட்பட.

அடுத்து அடையாள அட்டை. டிக்கெட் எடுத்தது பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள். அவளால் லீவு எடுக்க முடியவில்லை. பிள்ளைகளையாவது தாத்தா பாட்டியோடு அனுப்புகிறேன் என்று பணம் கட்டினாள். "புக் பண்ணவங்க நேர்ல வரணும், ஒரிஜினல் ஐடியோட" என்றார் இரண்டாவது ஊழியர். வீடியோவில் மகளைக் கூப்பிட்டு, ஆதாரும் அவளுமாகத் திரையில் காட்டினோம். செல்லாது. ஐயா, எங்கள் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு என்னென்னவோ கேட்டு அலைய விட்டிருக்கிறோம். ஆனால் இறந்தவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஓய்வூதியக்காரர்கள் நாங்கள் உயிரோடிருப்பதை வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டியவர்கள். 2014இல் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு வாழ்நாள் சான்று வந்த பிறகு அதைக்கூட வீட்டில் உட்கார்ந்தபடி கைரேகையையோ முகத்தையோ காட்டி முடித்துவிடலாம். நான் சாகவில்லை என்பதை அரசாங்கம் போன் வழியாக நம்புகிறது. என் மகள்தான் என் மகள் என்பதைத் தாங்கள் நம்பவில்லை.

கள்ள டிக்கெட் பயம் இருக்கத்தானே செய்யும் என்று தாங்கள் கேட்கலாம். நியாயம். 1955 ஜூலை 17, கலிஃபோர்னியாவில் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்த நாள். அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த விழாவுக்குக் கள்ள அழைப்பிதழ் அச்சடித்துக் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டார்கள். எதிர்பார்த்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஜனம். வேலிக்கு ஏணி வைத்து, ஆளுக்கு 5 டாலர் வாங்கிக்கொண்டு ஏற்றிவிட்ட ஒருவரைப் பற்றியும் டிஸ்னி வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அந்த அனுபவமுள்ள நிறுவனம் இன்று ஃபுளோரிடாவில் விரலைப் பதித்து, டிக்கெட்டும் ஆளும் ஒன்றா என்று பார்த்துக்கொள்கிறது. ஆகவே சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கள்ள அச்சுக்காரனிடம் வங்கிக் குறுஞ்செய்தி இருக்காது. பணம் தங்கள் கணக்கில் வந்திருப்பது தங்கள் சர்வருக்கே தெரியும். தங்கள் ஏட்டில் ஏறியிருக்கும் ஒன்றை எங்களை நிரூபிக்கச் சொல்வது, பட்டாவை நாங்களே கொடுத்துவிட்டு, இது பட்டாதான் என்று பட்டாதாரரிடம் சான்று கேட்பதற்குச் சமம். அதையும் நாங்கள் செய்திருக்கிறோம் என்பதால்தான் எனக்கு இவ்வளவு சரளமாகத் தெரிகிறது. (பக்கத்தில் ஏணிக்காரர் யாராவது உண்டா என்றும் ஒருமுறை பார்த்தேன். சும்மா ஒரு தகவலுக்காக.)

இனி அளவை. ரயிலில் 5 வயது முதல் 12 வயதுக்குள் என்றால் சிறுவர். தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் 2022 முதல் 5 வயது வரை டிக்கெட்டே இல்லை. வயதுக்குப் பிறப்புச் சான்று இருக்கிறது. அதைக் கொடுத்தது எங்கள் ஆட்களோ பஞ்சாயத்தோ, ஏதோ ஒன்று இருக்கிறது. தாங்கள் வயதை நம்புவதில்லை. உயரத்தைத்தான் நம்புகிறீர்கள். நாலரை அடிக்கு மேலே போனால் பெரியவர். என் பேரனைச் சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கியின் அருகே நிறுத்தி அளந்தார்கள். காலில் ஷூ. தலையில் அந்த வயதுக்கே உரிய, எண்ணெய் காணாத, நெட்டுக்குத்தாக நிற்கும் முடி. ஒட்டகச்சிவிங்கியின் கோட்டை அவன் முடி தொட்டுவிட்டது. "அடல்ட்டு சார்." என் மனைவி "கொஞ்சம் குனிடா" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அளந்தது அளந்ததுதான். வித்தியாசத் தொகையைக் கட்டினோம்.

உள்ளே போன பிறகு (போனோம், அதைச் சொல்கிறேன்) பெரிய ரோலர் கோஸ்டரின் முன்னால் மறுபடி அளந்தார்கள். அங்கே ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். முடியை உள்ளங்கையால் அழுத்தினார்கள். "ஹைட் பத்தாது தம்பி, சின்னப் பசங்க ரைடுக்குப் போ." ஒரே பூங்கா, ஒரே பையன், ஒரே நாள். காசு வாங்கும்போது வளர்ந்துவிட்டான். ஏறப் போகும்போது சுருங்கிவிட்டான். பாதுகாப்புக்காக அளப்பது சரி. அந்த அளவுதான் உண்மையான அளவும். அப்படியானால் வாசலில் அளந்தது என்ன? நில அளவையில் ஒரே புல எண்ணை இரண்டு சர்வேயர் அளந்தால் இரண்டு பரப்பு வரும் என்பதை நான் அறிவேன். ஆனால் அதிகமாக வந்த பரப்புக்கு வரியும், குறைவாக வந்த பரப்புக்குப் பட்டாவும் கொடுக்கும் துணிச்சல் எங்கள் துறைக்கு இன்னும் வரவில்லை.

புளியோதரையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. தூக்குவாளியைத் திறந்து, மோந்து பார்த்து, "அவுட்சைட் ஃபுட்" என்று தீர்ப்பளித்தார் செக்யூரிட்டி. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது; அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. வழக்கு திரையரங்கைப் பற்றியது, பூங்காவைப் பற்றியதல்ல; ஒப்புக்கொள்கிறேன். தங்கள் ஆட்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள். புளியோதரை வேன் டிரைவருக்குப் போயிற்று. அன்றைக்கு வயிறார மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டது அவர் ஒருவர்தான்.

கட்டண விஷயத்தில் தங்கள் கலை வேறு தரம். திரையில் ஒரு தொகை. பணம் கட்டும் பக்கம் போனால் வேறு தொகை. இடையில் வரி. அதில் தங்களைக் குறை சொல்ல முடியாது; ஜிஎஸ்டி வந்த புதிதில் கேளிக்கைப் பூங்காவுக்கு 28 சதவீதமாக இருந்து, 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். அதற்கு மேல் 'வசதிக் கட்டணம்'. இணையத்தில் வாங்கினால் வாசலில் காத்திருக்க வேண்டாம் என்ற வசதிக்கு. அந்த வசதியைத்தான் மேலே விவரித்தேன். அதற்கும் மேல், யாரும் கேட்காமலே மதியச் சாப்பாட்டுக் கட்டத்தில் டிக் அடித்து வைத்திருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் இணைய வியாபாரத்தின் தந்திரங்கள் 13 என்று வகைப்படுத்தி அவற்றுக்குத் தடை போட்டிருக்கிறது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் நழுவ விடுவது இன்னொன்று. தங்கள் ஒரே பக்கத்தில் இரண்டையும் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. மூன்றாவதும் இருந்தது: 'இந்த விலைக்கு இன்னும் சில டிக்கெட்டுகளே' என்று சிவப்பில் மின்னியது. வாசலில் கவுண்டரில் அன்று முழுக்கத் தாராளமாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாராளத்தில்தான் நாங்கள் கடைசியில் உள்ளே போனோம். மத்தியானம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வாடிவிட்டார்கள். ரவுண்ட்ஸ் முடியவில்லை. "புதுசா எடுத்துட்டுப் போங்க சார், பழசுக்கு ரீஃபண்டு ஏழு வேலை நாள்ல வந்துடும்" என்று ஒரு நல்ல மனிதர் காதோடு சொன்னார். எடுத்தோம். கணினியில் ஏற்கெனவே உள்ளே இருந்த நாங்கள், எங்களைத் தேடிக்கொண்டு இரண்டாம் முறை உள்ளே போனோம். காகிதப் பட்டையை மணிக்கட்டில் ஒட்டினார்கள். அன்றைய வருகைக் கணக்கில் தங்களுக்கு ஆள் இரட்டிப்பு. எங்கள் ஜமாபந்திக் கணக்கில்கூட இப்படி ஒரு வளர்ச்சி காட்ட முடிந்ததில்லை.

1995இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்தபோது, நம் ஊர்ப்பக்கம் இப்படி ஒன்று வந்திருக்கிறது என்பதே ஒரு அதிசயம். குட்டிச்சாத்தான் 3டி படம் எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டியது. அந்தக் காலத்துப் பூங்காக்களில் ஒரு ஆள் வாசலில் நிற்பார், சீட்டைக் கிழிப்பார், ஒரு பாதியை நம் கையில் கொடுப்பார். கிழித்த சீட்டு கிழித்ததுதான். கையில் பாதி இருந்தால் உள்ளே இருக்கிறோம், முழுசாக இருந்தால் வெளியே இருக்கிறோம். இதில் சந்தேகம் வந்து யாரும் ரவுண்ட்ஸுக்குப் போனதில்லை.

திரும்பி வரும்போது 'டிக்கெட் பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற பலகையைப் பார்த்தேன். தங்க எழுத்து. காதோடு சொன்ன நல்ல மனிதர் அதன் நேர் கீழேதான் நின்றிருந்தார். குறையுள்ள சேவையைக் கொடுத்துவிட்டு, ரசீதில் சொன்ன கெடுவுக்குள்ளோ, கெடு எதுவும் சொல்லாதபோது 30 நாளுக்குள்ளோ பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பலகைக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஏழு வேலை நாள் எப்போதோ ஓடிப்போய்விட்டது. இதை எழுதும்வரை பணம் வரவில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டால் பூங்காவின் விளம்பரப் பாட்டு முழுதாகக் கேட்கக் கிடைக்கிறது.

ஆகவே தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. எங்கள் துறையின் பாவங்கள் கணக்கில்லாதவை. ஆனாலும் மனுவைத் தள்ளுபடி செய்தால் எழுதிக் கொடுப்போம். இன்ன காரணத்தால், இன்ன தேதியில், இன்னார் ஆணைப்படி என்று ஒரு குறிப்பாணை, கீழே கையெழுத்து, முத்திரை. அதை எடுத்துக்கொண்டு அந்த மனிதர் கோட்டாட்சியரிடம் போவார், கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுப்பார், கோர்ட்டுக்குப் போவார். எங்களைத் திட்டுவதற்கு ஒரு காகிதமாவது நாங்களே கொடுத்துவிடுவோம். தங்கள் வாசலில் கிடைப்பதெல்லாம் வாய்ச்சொல். பணம் கட்டிய ஒருவரைத் திருப்பும்போது காரணத்தையும் நேரத்தையும் எழுதி, அதற்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டை அவர் கையில் கொடுக்க உத்தரவிடுங்கள். கையெழுத்துப் போடுவதற்காகவாவது ஒருவர் ரவுண்ட்ஸை விட்டு வாசலுக்கு வர வேண்டியிருக்கும். வந்தவர், கையெழுத்துப் போடுவதைவிடக் கதவைத் திறந்துவிடுவது சுலபம் என்று கண்டுகொள்வார். நாங்கள் இதைச் சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துணை வட்டாட்சியர் (ஓய்வு).

இணைப்பு: முன்பதிவு மின்னஞ்சல் நகல், வங்கிக் குறுஞ்செய்தியின் நகல், இரண்டாம் முறை வாங்கிய டிக்கெட், ஷூ இல்லாமல் அளந்த பேரனின் உயரம்.

நகல்: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு, நடவடிக்கைக்காக. தங்கள் வாசலில் இப்போது நிற்பவர்களுக்கு, தகவலுக்காக: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் ஆணையத்தில் வழக்குக்குக் கட்டணம் இல்லை; வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.